வேலுச்சாமியோடு ஒரு டூயட்

முன்வரிசையில், வலது ஓரத்தில், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் ஒரு துண்டுக் காகிதம். என் மலையாளப் பாட்டின் வரிகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்திருந்தார். நான் மேடையேறியதும் எழுந்து கும்பிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

அவருடைய அப்பா அன்று விடிகாலையில் ஊரில் இறந்துபோயிருந்தார். அந்த ஹாலில் பலருக்கு அது தெரியும். எனக்கும் தெரியும். அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை.

அவரை மேடைக்குக் கூப்பிட்டு, என்னோடு பாடவைத்து, முடிந்தவரை கீழே இறங்கவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அன்றைக்கு எனக்குக் கொடுக்கப்பட்டிருந்த வேலை அதுதான். எத்தனையோ கெடுபிடியான இசையமைப்பாளர்களிடம் பாடியிருக்கிறேன், யாரும் என்னிடம் இப்படி ஒன்றைக் கேட்டதில்லை.

மீனா பஜாரிலிருந்து ஒரு வேண்டுகோள்

அந்த வருடங்களில் துபாயில் எந்தப் பக்கம் திரும்பினாலும் கிரேன்தான் தெரியும். எங்களுக்கும் அது நல்ல சீசன். ஓணம், பெருநாள், புத்தாண்டு என்று ஏதாவது ஒரு சாக்கில் மலையாள சினிமாப் பாடகர்களை விமானத்தில் ஏற்றி அனுப்பிக்கொண்டே இருப்பார்கள். ஓமனில், சலாலாவில் சாரலில் நனைந்துகொண்டு பாடியிருக்கிறேன். பஹ்ரைனில் ஈசா டவுன் பள்ளிக்கூட அரங்கில் மைக் செத்துப்போக, வெறும் தொண்டையிலேயே ஒரு பாட்டை முடித்திருக்கிறேன்.

இந்தத் தொடருக்குள் இன்றைக்குத்தான் நுழைகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நான் மார்த்தாண்டம் பக்கத்துத் தமிழச்சி. வீட்டில் தமிழ், தெருவில் பாதி மலையாளம். திருவனந்தபுரத்தில் பெரிய பாடகிகள் வருவதற்கு முன்னால் மாதிரிக்கு டிராக் பாடிக்கொடுக்கப் போனவள், ஒரு பாட்டில் பெரிய பாடகிக்குத் தேதி கிடைக்காமல் போனதால் பின்னணிப் பாடகி ஆனேன். ஸ்டுடியோவில் முதுகுக்குப் பின்னால் என்னை, தமிழர்களைக் கேலியாகச் சொல்வதுபோல, ‘பாண்டிக்காரி’ என்பார்கள். படம் ஓடிய பிறகு ‘நம்மட குட்டி’, நம்ம பொண்ணு, என்றார்கள். இரண்டையும் நான் மறக்கவில்லை.

அப்போது துபாயில் நடந்த ஒரு பெரிய நிகழ்ச்சிக்குத் துணிமணிகள் கொடுத்தவர் சாகுல் பாய். கீழக்கரைக்காரர். பர் துபாயில், மீனா பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருந்தார். என் ஜாக்கெட்டுக்கு மேட்சிங் துணி தேடப்போன இடத்தில்தான் பழக்கம். “தங்கச்சி, எங்க ஊர்ப் பக்கத்துப் புள்ளைக நிறையப் பேரு லேபர் கேம்ப்ல கெடக்குறாக. டிக்கெட் வாங்கி உங்க புரோகிராமுக்கு வர அவுகளால முடியாது. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணி நேரம் வந்து பாடிக்குடுங்களேன்” என்றார்.

சாயங்காலம் பெரிய மேடையில் நிகழ்ச்சி. அதற்கு முன்னால் தொண்டையைச் செலவழிக்கக் கூடாது என்று அமைப்பாளர் ஒற்றைக் காலில் நின்றார். தொண்டை யாருடையது என்று நான் கேட்டேன். அதோடு பேச்சு முடிந்தது.

வேனில் சொன்னது

ஜும்மா தொழுகை முடிந்ததும் சாகுல் பாய் தன் வேனை எடுத்துக்கொண்டு வந்தார். ஊர் எல்லை தாண்டி மணல் தெரிய ஆரம்பித்ததும் வாயைத் திறந்தார்.

“கேம்ப்ல வேலுச்சாமின்னு ஒருத்தன், தங்கச்சி. முதுகுளத்தூர்ப் பக்கம். கான்கிரீட்டுக்குப் பலகை அடிக்கிற ஷட்டரிங் கார்பெண்டர். உங்க பாட்டுன்னா உசுரு. உங்ககூட அந்த டூயட்டைப் பாடணும்னு ஒரு வாரமா மனப்பாடம் பண்ணிக்கிட்டு இருக்கான்.”

“பாடட்டுமே பாய். அதுக்கென்ன?”

“அவன் அத்தா காலையில மவுத்தாயிட்டாரு. ஊர்லேருந்து என் கடைக்குத்தான் போன் வந்துச்சு. ஒரே மகன். கொள்ளி வைக்க அவன் போயாகணும். ஐஸ் பெட்டியில வச்சுக்கிட்டு ஊரே காத்துக்கிட்டு இருக்கு.”

சாயங்கால விமானத்தில் திருச்சிக்கு ஓர் இடம் சொல்லி வைத்துவிட்டாராம். ஆனால் பாஸ்போர்ட் கம்பெனியிடம். வெள்ளிக்கிழமை ஆபீஸ் கிடையாது. அலமாரிச் சாவி வைத்திருக்கும் ஆள் அஜ்மானில் இருக்கிறார், காலையிலிருந்து போனை எடுக்கவில்லை. கேம்ப்பை நிர்வகிக்கிறவரை ‘கேம்ப் பாஸ்’ என்பார்கள், அவர் ஒரு மலையாளி. அவர் ஆள் அனுப்பித் தேடிக்கொண்டிருந்தார்.

“பாவம், அவர்கிட்டச் சொல்ல வேண்டியதுதானே?” என்றேன்.

சாகுல் பாய் தலையை ஆட்டினார். “சொல்லக் கூடாது. போன வருஷம் ஒருத்தனுக்குச் சொன்னோம். நேரா சூப்பர்வைசர் ரூமுக்கு ஓடுனான், கதவை ஒடச்சான். அந்த ஆளுக்குக் கோவம் வந்து பாஸ்போர்ட்டைத் தரல. அவன் ஊருக்குப் போகவே இல்ல. அதுலேருந்து கேம்ப்ல ஒரு முறை வச்சிருக்காக. பாஸ்போர்ட் கைக்கு வர்ற வரைக்கும் ஒருத்தரும் வாயைத் தொறக்கக் கூடாது.”

“வந்த பிறகு?”

“அப்பவும் இறந்ததைச் சொல்றதில்ல. முன்னாடி ‘சீரியஸ்’னு சொல்லி அனுப்புவாக. சீரியஸ்னா என்ன அர்த்தம்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சு. அதனால ஆளையே மாத்திச் சொல்றது. அத்தா போயிருந்தா, அம்மாவுக்குச் சுகர் ஏறிருச்சு, ஒரு எட்டுப் பாத்துட்டு வந்துருன்னு சொல்றது. பிளேன்ல தனியா உக்காந்து போறவன், தங்கச்சி. இறங்குற வரைக்குமாவது தைரியமா இருக்கட்டும்.”

எனக்கு இது பிடிக்கவில்லை. ஒருவருடைய அப்பாவின் சாவை அவரைத் தவிர மற்றவர்கள் எல்லாம் வைத்துக்கொண்டு திரிவது என்ன நியாயம் என்று சண்டை போட்டேன். அவர் கோபப்படவில்லை. “நீங்க சொல்றது நியாயந்தான். அந்த நியாயத்தை வச்சுக்கிட்டு அவன் ஊர் போய்ச் சேர முடியாது” என்றார். பாஸ்போர்ட் வரும்வரை வேலுச்சாமியை மேடையிலேயே வைத்திருக்கும்படி கேட்டுக்கொண்டார். வேன் கேம்ப்புக்குள் நுழைந்துவிட்டது.

ஆள் இல்லாத டூயட்

அந்தப் பாட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும்.

டூயட் என்றால் இரண்டு பேர் எதிரெதிரே நின்று, கண்ணைப் பார்த்துக்கொண்டு பாடுவார்கள் என்றுதான் ரொம்பப் பேர் நினைத்திருக்கிறார்கள். எங்கள் காலத்தில் அதெல்லாம் போய்விட்டது. கண்ணாடி அறைக்குள் நான் தனியாக நிற்பேன். காதில் ஹெட்போன். ஆண் பாடவேண்டிய இடங்களில் வெறும் தாளம் ஓடும். அந்த நேரத்தில் தண்ணீர் குடித்துக்கொள்ளலாம். அவர் வேறு ஊரில், வேறு நாளில் வந்து தன் பங்கைப் பாடிவிட்டுப் போவார். நான் உருகி உருகிக் காதலித்த குரல்களில் பாதிப் பேரை நேரில் பார்த்ததே இல்லை.

இந்தப் பாட்டும் அப்படித்தான். ஆற்றின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் நிற்கிற இருவர் பாடுவது. கல்ஃபில் எங்கே போனாலும் அதைத்தான் கேட்பார்கள். கரை என்றால் அங்கே இருப்பவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. மேடைகளில் ஆண் பகுதியை யாராவது உள்ளூர்க்காரர் பாடுவார். வாத்தியம் மட்டும் பதிந்த சி.டி.யைப் போட்டுவிட்டு அதன் மேலே நாங்கள் பாடுவோம். அதற்கு மைனஸ் டிராக் என்று பேர்.

அன்றைக்கு என் கைப்பையிலும் அந்த சி.டி.தான் இருந்தது.

மெஸ் ஹாலில்

சாப்பாட்டு மேஜைகளை ஓரம்கட்டி, பெஞ்சுகளை வரிசையாகப் போட்டிருந்தார்கள். சாம்பார் வாசனையும் சலவை சோப்பு வாசனையும் கலந்து அடித்தது. இடமில்லாதவர்கள் ஜன்னல் கம்பிகளில் தொற்றிக்கொண்டிருந்தார்கள்.

வேலுச்சாமியின் அறைத் தோழர் முருகேசன் வாசலிலேயே என்னைப் பார்த்துவிட்டார். சிவகங்கைக்காரர், உயரமானவர். காலையிலேயே, தன் போனில் பேலன்ஸ் இல்லை என்று சொல்லி வேலுச்சாமியின் போனை வாங்கி அணைத்துப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டிருந்தார். “அக்கா, பாய் எல்லாம் சொன்னாரா?” என்று மட்டும் கேட்டார். தலையசைத்தேன்.

இரண்டு பாட்டுப் பாடிவிட்டு வேலுச்சாமியை மேடைக்குக் கூப்பிட்டேன். ஹால் அதிர்ந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். முப்பது வயதுதான் இருக்கும்.

“அக்கா, பல்லவி தைரியமா வந்துரும். சரணத்துல மட்டும் கொஞ்சம் கண்ணைக் காட்டுங்க” என்றார்.

“நான் பாத்துக்கிறேன். பதறாம பாடுங்க.”

பதறிக்கொண்டிருந்தது நான்தான்.

வாசலில் கேம்ப் பாஸ் காதில் போனோடு நின்றார். நான் பார்க்கும்போதெல்லாம் கையை விரித்து இல்லை என்று காட்டினார். நேரத்தை ஓட்டியாக வேண்டும். சுருதி சரியில்லை என்று சொல்லி சி.டி.யை நிறுத்தச் சொன்னேன். சி.டி.யில் சுருதி எப்படிச் சரியில்லாமல் போகும் என்று யாரும் கேட்கவில்லை. வேலுச்சாமியிடம் ஊர் விசாரித்தேன், எத்தனை வருடமாகப் பாடுகிறார் என்று கேட்டேன். கல்யாணம் ஆகிவிட்டதா என்று கேட்டபோது, “ஆயிருச்சுக்கா, ஒரு பாப்பா. நான் வந்தப்புறந்தான் பெறந்துச்சு. போட்டோவுலதான் பாத்திருக்கேன்” என்றார். கூட்டம் கைதட்டியது. நான் ஏன் அதைக் கேட்டேன் என்று என்னையே நொந்துகொண்டேன்.

பாட்டைத் தொடங்கினோம். சும்மா சொல்லக் கூடாது, நல்ல குரல். மலையாளத்தை முதுகுளத்தூர் வழியாகப் பாடினார். ஆனால் தாளத்தில் நகராமல் நின்றார்.

முதல் சரணத்தில் அது நடந்தது. பின்பக்கக் கதவு வழியாக ஒருவர் உள்ளே வந்தார். வேறு பிளாக்கில் இருப்பவர், வேலுச்சாமியின் பக்கத்து ஊர்க்காரர் என்று பிறகு சொன்னார்கள். அவருக்கு ஊரிலிருந்து யாரோ போன் செய்திருக்கிறார்கள். கையில் போனோடு, அழுத கண்ணோடு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேராக மேடையைப் பார்த்து வந்தார்.

நான் பாடிக்கொண்டே இருந்தேன். நிறுத்தினால் ஹால் அமைதியாகிவிடும். அந்த அமைதியில் அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், எல்லாம் முடிந்தது. பாட்டில் இல்லாத ஆலாபனை எல்லாம் போட்டுக் குரலை மேலே ஏற்றினேன். முருகேசன் பெஞ்சுகளைத் தாண்டிக் குதித்துப்போய் அந்த ஆளைக் கட்டிப்பிடித்தார். பார்க்கிறவர்களுக்கு ரொம்ப நாள் கழித்துச் சந்திக்கிற சிநேகிதர்கள் என்று தோன்றியிருக்கும். கட்டிப்பிடித்தபடியே வெளியே தள்ளிக்கொண்டு போய்விட்டார்.

திரும்பிப் பார்த்தேன். வேலுச்சாமி அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய வரி வந்துவிட்டது, அவர் பாடவில்லை. வெறும் வாத்தியம் ஓடிக்கொண்டிருந்தது. நான் முழங்கையால் லேசாக இடித்தேன். கண்ணை மூடிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து பிடித்தார். கடைசிவரை கண்ணைத் திறக்கவில்லை.

பாட்டு முடிந்தது. கேம்ப் பாஸ் இன்னும் கையை விரித்துக்கொண்டுதான் நின்றார். அடுத்து என்ன சாக்கு சொல்வது என்று தெரியாமல் விழித்தேன். வேலுச்சாமிதான் என் பக்கம் குனிந்தார்.

“இன்னொரு தடவை பாடுவோமாக்கா?”

மைக் ஆசை விடவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். பாவம், ஆசைப்படட்டும் என்றும் நினைத்தேன். மறுபடியும் முதலிலிருந்து பாடினோம். அதற்குப் பிறகும் ஒருமுறை பாடினோம். மூன்றாம் தடவை பாடும்போதுதான் வாசலில் கேம்ப் பாஸ் ஒரு நீல நிறப் புத்தகத்தை உயர்த்திக் காட்டினார். அசோகச் சின்னம் போட்ட அந்த அட்டையைப் பார்த்து நான் அதுவரை அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை. சந்தோஷப்பட்டதை நினைத்து உடனே கூசியது.

டிராவல்ஸ் வாசலில்

கேம்ப்பில், அவருடைய அறையில் வைத்துச் சொன்னார்கள். சொன்னவர் முருகேசன். “அம்மாவுக்குச் சுகர் ஏறிருச்சாம்ப்பா. ஆஸ்பத்திரியில வச்சிருக்காக. பயப்படுற மாதிரி ஒண்ணுமில்ல. ஒன்னைப் பாக்கணும்னு சொல்றாகளாம். பாய் டிக்கெட் போட்டுட்டாரு, ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு.” வேலுச்சாமி “சரிண்ணே” என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. பையில் துணியை யாரோ ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தார்கள்.

என்னை ஓட்டலில் விடவும் அவரை ஏர்போர்ட்டில் விடவும் ஒரே வேன். முருகேசனும் கூட வந்தார். பர் துபாய் வந்ததும் சாகுல் பாய் டிக்கெட்டை வாங்கிவரத் தன் சிநேகிதருடைய டிராவல்ஸுக்குள் போனார். அமைப்பாளர் எனக்கு விடாமல் போன் அடித்துக்கொண்டிருந்தார். எடுக்கவில்லை.

முருகேசனும் கதவைத் திறந்து இறங்கினார். “வெறுங்கையோடவா ஊருக்குப் போறது? பாப்பாவுக்கு ஒரு கவுன் வாங்கிட்டு வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு மீனா பஜார் கூட்டத்துக்குள் போனார்.

வேனில் நானும் வேலுச்சாமியும் மட்டும். அவர் முன் சீட்டில். முருகேசன் போன திசையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். மேடையில் இருந்த முகம் இல்லை அது.

“அக்கா, காலையில பாத்ரூம் லைன்ல என்னைய முன்னாடி போகச் சொன்னாங்க.”

எனக்குப் புரியவில்லை.

“வெள்ளிக்கிழமை லைன்ல யாரும் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டாங்கக்கா. இன்னிக்கு எல்லாரும் ஒதுங்கி, நீ போ வேலுன்னாங்க. அப்பறம் போனை வாங்கிக்கிட்டாங்க. என் சட்டையை முருகேசண்ணனே தேச்சுக் குடுத்தாரு. அப்பவே தெரிஞ்சுபோச்சு. நானும் நாலஞ்சு பேருக்கு இதையே செஞ்சிருக்கேன்.”

“தெரிஞ்சுகிட்டா பாடினீங்க?”

“வேற என்னக்கா பண்றது? நான் கேட்டா அவங்க பொய் சொல்லணும். பாஸ்போர்ட் வராம தெரிஞ்சுக்கிட்டு நான் எங்க போய் முட்டிக்கிறது? மேடையில நின்னா யாரும் கிட்ட வர மாட்டாங்கன்னு நின்னேன்.”

ஏ.சி. காற்று அவர் கையிலிருந்த பாஸ்போர்ட்டின் பக்கங்களை அசைத்தது. அவர் அதை மூடி இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார்.

“ஆளை மாத்திதான் சொல்லுவோம். அதனால அம்மா இல்ல. அம்மா நல்லா இருக்கும். மிச்சம் மூணு பேரு, அக்கா. நாள் பூரா நாலு பேரையும் நெனச்சுக்கிட்டு இருந்தேன், இப்ப இந்த மூணு பேரையே நெனச்சுக்கிட்டு இருக்கேன். இவங்க சொல்ல மாட்டாங்க. நீங்க சொல்லுங்க.”

நான் டிராவல்ஸ் பக்கம் பார்த்தேன். சாகுல் பாய் இன்னும் கண்ணாடிக்குள்ளே மேஜை முன்னால் நின்றிருந்தார். அவர்களுடைய முறையை மீற நான் யார் என்று ஒரு பக்கம் இருந்தது. இந்த மனிதரை நாலு மணி நேரம் மூன்று பேரின் சாவைச் சுமந்துகொண்டு விமானத்தில் உட்காரவிடுவது கொடுமை என்று இன்னொரு பக்கம் இருந்தது.

“பாப்பாவா?” என்றார். சத்தமே வரவில்லை, உதடுதான் அசைந்தது.

இல்லை என்று தலையசைத்தேன்.

“அவளா?”

இல்லை.

அவர் மூன்றாவது கேள்வியைக் கேட்கவில்லை. முதுகு சீட்டில் சாய்ந்தது. நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த மூச்சு முழுக்க வெளியே வந்தது. முகம் தளர்ந்து, நெற்றிச் சுருக்கம் விலகி, கிட்டத்தட்ட ஒரு சிரிப்பு வந்து உதட்டில் நின்றது. அதை நான் பார்த்தேன். நான் பார்த்ததை அவரும் பார்த்துவிட்டார்.

“தப்பா நெனச்சுக்கிராதீங்கக்கா” என்றார். பிறகு, “எங்கய்யா ரொம்ப நல்ல மனுசன்க்கா” என்று சொல்லி அழ ஆரம்பித்தார்.